முப்பத்தொரு குழியும் மூன்று முட்டையும்

2023 ஜூலை 21, வெள்ளிக்கிழமை, காலை 6.40. மேகமூட்டம், மழை இல்லை; ஆடிக் காற்று தெருக் குப்பையை முகத்தில் அடித்தது. விளாங்குடியில் என் வீட்டுக் கேட்டுக்கு வெளியே, சுவரை ஒட்டிய மண்தரையில் யாரோ பால் ஊற்றி, மூன்று முட்டைகளை உடைத்து, மஞ்சள்பொடி தூவியிருந்தார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் நாற்றம். ஈக்களை எண்ண முடியவில்லை.

அந்த இடத்தில் முப்பத்தொரு குழிகள் இருந்தன. பென்சில் நுழையும் அகலம். ஒவ்வொன்றும் ஒரு சின்னத் தேனீ தனியாகத் தோண்டியது. இவற்றுக்குக் கூடும் இல்லை, ராணியும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தாலும் கொட்டியதில்லை. இவை வந்த பிறகுதான் என் ஆறு கத்தரிச் செடிகளும் காய்த்தன. இப்போது முட்டைக் கூழ் குழிவாயை அடைத்துக் கிடக்க, காலில் மகரந்தத்தோடு திரும்பியவை இடம் தெரியாமல் சுற்றின.

ஊற்றியது எதிர்வீட்டு அம்மாதான்; மறுபடியும் செம்போடு வந்தார்.

"சார், இது புத்து. நாகம்மா வந்திருக்கா. நீங்க வேதக்காரவுக, சர்ச்சுக்குப் போறவுக, உங்களுக்குத் தெரியாது. அடுத்த வெள்ளி இங்கனயே பொங்க வைக்கப் போறோம்."

"பென்சில் போற ஓட்டையில எந்தப் பாம்பும்மா போகும்?"

"குட்டி போகும்ல? முப்பது வருசம் கணக்குப் பாடம் எடுத்தீகளாக்கும்!"

அடுப்பு மூட்டினால் ஒரு குழிகூட மிஞ்சாது. அவர் கண்ணெதிரே கரண்டியால் ஒன்றைத் தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில் சிறு அறை. உள்ளே மகரந்த உருண்டை, அதன்மேல் வெள்ளைப் புழு.

"இந்தா, உங்க நாகம்மா. தேனீக் குஞ்சு."

"சீ! புழுவுக்கா பால் ஊத்துனேன்? பால் என்ன விலை விக்குது!"

செம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். பொங்கல் நின்றது. நிம்மதியாக உள்ளே போய்க் காபி குடித்தேன்.

மறுநாள் காலை தரை முழுவதும் வெள்ளைப் பொடி. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்காரர் நின்றார். பொடிக்குள் இருபத்தாறு தேனீக்கள் மல்லாந்து கிடந்தன. நான்கு இன்னும் காலை உதைத்தன.

"புழு பெருகுனா வீட்டுக்குள்ள வந்துரும்ல சார். நல்லவேளை, நீங்க தோண்டிக் காட்டுனீக. உங்க சுவரோரம்தானே, பாதிக் காசு குடுங்க."

"நான் கேட்டேனா உங்களை?"

"அதுக்காக விட முடியுமா? அம்புட்டும் புழுவுல்ல!"

மருந்து நெடி தொண்டையில் இறங்கியது. அந்த மனிதர் கேட்டை விட்டு நகர்ந்தால் போதும் என்றிருந்தது. மருந்து நானூற்று எண்பது, தூவிய ஆளுக்குக் கூலி இருநூறு. என் பங்கு முந்நூற்று நாற்பது. சில்லறை இல்லையென்று மீதிப் பத்தை அவர் தரவேயில்லை. ஆக, முந்நூற்றைம்பது ரூபாய்.