அடுத்த வீட்டு அக்கா கும்பிட்ட குப்பை

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வரிசை வீட்டு மண் செங்கல் மாதிரி கெட்டி. வெண்டைச் செடி முழங்காலைத் தாண்டாது. புல்லையும் காய்ந்த இலையையும் சாணியோடு குவித்து வைத்தால் மக்கி நல்ல உரமாகும் என்று வானொலியில் சொன்னார்கள். பின்சந்து ஓரமாகக் குவித்து, மேலே மண்ணைப் பூசிவிட்டேன்.

மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை காலை, குவியலிலிருந்து ஆவி கிளம்பியது. கதகதப்புக்கு ஒரு பாம்பும் அதற்குள் நுழைந்ததை அடுத்த வீட்டு அக்கா பார்த்துவிட்டார். சாயங்காலம் போனால், குவியலுக்கு மஞ்சள், குங்குமம், உச்சியில் இரண்டு முட்டை! அவரிடம் விஷயத்தைச் சொல்ல எனக்குக் கூச்சம். வாராவாரம் பால் ஊற்றினார். உரமும் பக்குவமாகிவிட்டது, வெட்டியெடுக்கத்தான் வழியில்லை. விதைக்கும் காலம் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் துணிந்து மண்வெட்டியை ஓங்கினேன். பின்னால் அக்கா, பால் செம்போடு.

"ஐயோ, புத்துலயா வெட்டுறே?"

"புத்து இல்லக்கா... குப்பை," என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அக்கா செம்பைக் கீழே வைத்தார்.

"குப்பையா? அப்ப இங்க வேண்டிக்கிட்டதும் என் மகனுக்கு வேலை கெடச்சிச்சே, அது எப்படி?"

ஓங்கிய மண்வெட்டியை இறக்கினேன்.

"பொட்டு வச்ச பக்கம் கை வைக்காத லா. பின்பக்கம் வெட்டிக்க."

அப்படியே வெட்டினேன். வெண்டை என் தலைக்கு மேல் வளர்ந்தது. முதல் காய்களை அக்காவிடம் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாம்பாரில் போட்டார்.