ஆபீசுக்குப் போன சுறா

குளச்சலில் மீன்பிடி வள்ளம் வைத்திருந்த ஒரு குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரி ஆசிரியை ஆனவர் குளோரி டீச்சர். எங்கள் அரசுக் கல்லூரியில் அவர் விலங்கியல் நடத்துகிறார், நான் தமிழ். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அண்ணன் பெனிட்டோ தன் வலையில் சிக்கிய ஒரு குட்டிச் சுறாவைக் கல்லூரிக்குச் சும்மா கொடுத்தார். பார்மலின் ஊற்றிக் கண்ணாடித் தொட்டியில் வைத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். அன்றைய கல்லூரி முதல்வர் அதை இருப்புப் பதிவேட்டில் ஏற்றினார். சுறா அரசாங்கச் சொத்தாகிவிட்டது.

போன ஐப்பசி மழையில் ஆய்வகக் கூரையிலிருந்து சிமெண்ட் பெயர்ந்து விழுந்து தொட்டி விரிசல் விட்டது. மருந்தெல்லாம் வடிந்துபோனது. புதிதாக வாங்க அனுமதி கேட்டால் மேலே இருந்து பதிலே இல்லை. சுறா நாறத் தொடங்கியது. பிள்ளைகள் மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு பாடம் கேட்டார்கள். புதைத்துவிடலாம் என்றார் டீச்சர். இப்போதைய முதல்வர் பதறினார்.

“கழிவு ஆணை இல்லாம எடுத்தா, ஆடிட்டுல என் பென்ஷன் போயிரும் டீச்சரே.”

தன் பயத்தைத் தவிர வேறு எதையும் நிர்வகித்து அறியாத மனிதர்.

ஆணை தர வேண்டியவர் மண்டல அலுவலகக் கண்காணிப்பாளர் தாணுலிங்கம். பைக் சாவியால் காது குடைவதுதான் அவருடைய தலையாய அலுவல். குடைந்துகொண்டே கேட்டார்.

“சுறா வாங்கின பில் எங்க?”

“வாங்கல்ல சார். எங்க அண்ணன் தந்ததாக்கும்.”

“அப்போ உற்பத்தியாளர் கிட்ட ஆயுட்காலச் சான்று வாங்கியாங்க.”

“சுறாவை யாரு சார் உற்பத்தி பண்ணுனா?”

“அத நீங்கதான் எழுதிக் கேக்கணும்.”

கேலி செய்கிறார் என்றால்கூட மன்னித்துவிடலாம். அந்த ஆளுக்கு அவ்வளவு அறிவும் கிடையாது. அடுத்த தடவை டீச்சர் போனபோது, நேரில் ஆய்வு செய்யாமல் ஆணையில் ஒப்பு போட முடியாது என்றார்.

“அப்போ வந்து பாருங்க சார்.”

“என் டூருக்கு அனுமதி வரணும். மார்ச் கழியட்டு.”

டீச்சர் திங்கட்கிழமை காலை அண்ணனின் மீன்வண்டியை வரவழைத்தார். சுறாவை மீன் அள்ளும் பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு மூடி, “வாறியளா?” என்று என்னைக் கேட்டார். நானும் ஏறிக்கொண்டேன்.

தாணுலிங்கத்தின் மேசைமேல் தொட்டியை வைத்து மூடியைத் திறந்தார் டீச்சர். “ஆய்வு செய்யுங்க சார்.”

நாற்றம் அறையை அடைத்தது. தட்டச்சர் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். எத்தனை மனுக்களுக்கும் அசையாத அலுவலகம் அரை நொடியில் காலியானது.

“எடுத்துட்டுப் போங்க இந்த எளவை!” என்று சுவரோடு ஒட்டி நின்று கத்தினார் தாணுலிங்கம்.

“ஆணை இல்லாம எப்படி சார் எடுக்க? சர்க்கார் சொத்தாக்கும்.”

தாணுலிங்கம் முன்பே ஆர்டர் செய்திருந்த டீ வருவதற்குள் ஆணை தயாராகிவிட்டது. கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்தியபடி ஒப்பு போட்டார். சுறாவைக் கல்லூரித் தென்னைக்கு அடியில் புதைத்தோம்.

அடுத்த வாரமே டீச்சருக்கு மெமோ வந்தது: அரசுச் சொத்தை அனுமதியின்றி வளாகத்துக்கு வெளியே கொண்டுபோனது ஏன்? ‘நேரடி ஆய்வுக்காக. அதிகாரி நன்றாக ஆய்வு செய்து ஒப்பமிட்டார்’ என்று பதில் எழுதினார். அதற்குப் பழியாக அவருடைய பதவி உயர்வுக் கோப்பை அந்த அலுவலகம் கிடப்பில் போட்டது. போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னார் முதல்வர்.

“அந்த ஆளு முன்னால கை கட்டி நிக்கதுக்கு, நான் இப்படியே ரிட்டயர் ஆயிட்டுப் போறேன் சார்.”

போன மாதம் தாணுலிங்கத்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது. மயிலாடியில் சொல்லி வைத்துச் செய்த கல் பிள்ளையாரைச் சுமந்துகொண்டு, பாராட்டு விழாவுக்குப் போய்ப் பல்லிளித்துவிட்டு வந்தார் எங்கள் முதல்வர். அன்று விடுமுறை. டீச்சர் தன் மாணவிகளைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போய், ஏலத்துக்கு வந்து குவிந்த மீன்களைக் காட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.