வேலிக்குள் பன்னிரண்டு

ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குக் கட்டத்தம்மா என்று பெயர். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இரும்புச் சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டுப் புல்வெளிக்குப் போவாள். அதைத் தரையில் வைத்து, அந்தக் கட்டத்துக்குள் என்னென்ன செடி முளைத்திருக்கிறது என்று ஒன்றுவிடாமல் எழுதுவாள். வருடா வருடம் அதே நாற்பது இடங்கள். பத்தொன்பது வருடத்தில் முட்டி தேய்ந்ததுதான் மிச்சம் என்று அவள் கணவர் கிண்டல் செய்வார். களிம்பு தேய்த்துவிடுவதும் அவர்தான்.

வேலி அவள் கேட்டு வாங்கியது. பக்கத்து ஊர் ஆட்டுக்காரர் ஒருவரின் இருநூறு ஆடுகள் அந்தப் புல்வெளியில்தான் மேய்ந்தன. என்ன செடி என்று பார்ப்பதற்குள் ஆடு அதைத் தின்றுவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? ஒற்றைக்காலில் நின்று, மனு மேல் மனு போட்டு, பாதிப் புல்வெளிக்குக் கம்பி வேலி போடவைத்தாள். ஒரு வழியாவது விடச் சொல்லி ஆட்டுக்காரர் கெஞ்சினார். நிலையத்தில் எல்லார் முன்னாலும் அவரைக் கத்தி விரட்டினாள். அன்று அவளுக்கு அது நியாயமாகவே பட்டது.

முதல் வருடம் வேலிக்குள் புல் இடுப்பளவு நின்றது. வந்தவர்கள் எல்லாரும் பாராட்ட, அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு இரண்டு வருடம் மழை பொய்த்தது. கட்டத்துக்கு முப்பத்தொரு வகை இருந்தது பதினெட்டாகக் குறைந்தது. மழை வந்தால் சரியாகிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மழையும் வந்தது. எண்ணினாள், பன்னிரண்டு. நம்பாமல் திரும்ப எண்ணினாள். அதே பன்னிரண்டு.

சட்டத்தை வேலிக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாள். அதே மண், அதே மழை, இருபத்தெட்டு வகை. வறட்சியில் காணாமல் போன, நகத்தளவு நீலப் பூப் பூக்கும் செடிகூட அங்கே திரும்ப முளைத்திருந்தது. ஆடு உயரமான புல்லைக் கடித்துக்கொண்டே இருந்ததால் தரையோடு கிடக்கும் செடிகளுக்கு வெயில் கிடைத்திருக்கிறது. வேலிக்குள் வறட்சியில் போனவை தலைதூக்க முடியாமல் புல் மூடிவிட்டது. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

இயக்குநர் நல்ல மனிதர். அறிக்கையில் பழியை மழை மேல் போட்டுவிடலாம், இத்தனை வருடம் சேர்த்த பெயர் ஏன் கெடவேண்டும் என்றார்.

"பாதிதான் சார் மழை. மீதி நான். அப்படியே எழுதுங்க. இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே விட்டா மண்ணுல விதைகூட மிஞ்சாது."

அவர் அரைமனதாகத் தலையாட்டினார். ஆனால் வேலியை எடுப்பதென்றால் அந்த ஆட்டுக்காரரிடம் எந்த முகத்தோடு போய்ப் பேசுவது என்று கேட்டார். இருக்கிற முகத்தோடுதான் என்றாள்.

மறுநாள் காலை ஆட்டுக்காரர் அவளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஆடுகளை ஒதுக்கி ஓட்டினார்.

"ஏம்மா, இந்தப் பக்கமும் வேலி போடப் போறீங்களா?"

"இல்லண்ணே. அந்த வேலியை எடுக்கப் போறேன். நான் பண்ணது தப்பு. ஆட்டை உள்ள ஓட்டிட்டு வாங்க."

அவர் கோலைத் தரையில் ஊன்றி நின்றார். "அன்னிக்கு நீங்க கத்தினப்போ எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க," என்றார்.

"தெரியும்ணே. அதான் எல்லாரையும் வேலிகிட்ட வரச் சொல்லியிருக்கேன்."

நிலையமே அங்கே திரண்டு நின்றது. தன் தப்பை அவர்கள் முன்னாலும் ஒருமுறை சொன்னாள். பிறகு குறடு ஒன்றை எடுத்துக் கம்பியைத் தானே வெட்டினாள். ஆடுகள் உள்ளே போனதும் சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அவற்றின் பின்னால் நடந்தாள்.