கறுப்பு மட்டும் அடிக்கிற பிரிண்டர்

என் மகளின் புராஜெக்ட் ரிப்போர்ட்டில், முதல் பக்கத்திலேயே, சிவப்புப் பேனாவால் 'காப்பி' என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார் அவளுடைய வாத்தியார். அவள் பி.சி.ஏ. கடைசி வருஷம். மூன்று மாதம் உட்கார்ந்து எழுதியது. நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். கல்லூரிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. பிள்ளைகள் ஃபைலைக் கடைக்காரனின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவார்கள். அவன் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பான். ஃபைலை அழிக்கமாட்டான். என் மகளுடையதை வேறு செக்‌ஷன் மாணவன் ஒருவனுக்கு விற்றுவிட்டான். அந்த மாணவன் பெயரை மாற்றி, இவளுக்கு ஒரு நாள் முன்னாலேயே கொடுத்துவிட்டான். முதலில் கொடுத்தவன் யோக்கியன். பின்னால் கொடுத்தவள் திருடி.

கடைக்குப் போனேன்.

"ப்ரூஃப் இருக்கா ஆன்ட்டி?" என்றான்.

"உன் கம்ப்யூட்டர்லதானே இருந்துச்சு?"

"ஆயிரம் ஃபைல் இருக்கு. யார் எதை எடுத்தாங்கன்னு நான் பாத்துட்டே இருக்க முடியுமா?"

"உன் கடையை நீ பாக்காம எதிர்வீட்டுக்காரன் வந்து பாப்பானா?"

"கஸ்டமர் நிக்கறாங்க. கொஞ்சம் தள்ளுங்க."

தள்ளி நின்றேன். ஏன் தள்ளி நின்றேன் என்று இன்றைக்கும் என் மேல் கோபம் வருகிறது.

வாத்தியார் ஒரு வழி சொன்னாராம். புதுத் தலைப்பு, புது ரிப்போர்ட், இரண்டு வாரத்தில். அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள் கையில் கொடுக்க வேண்டும். "எந்தக் கடைக்கும் இனிமே ஃபைல் அனுப்ப மாட்டேன்" என்றாள் மகள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

"அனுப்ப வேணாம். மெஷின் வாங்கிக்கலாம்" என்றேன்.

நான் பீன்யாவில் ஒரு கார்மென்ட்ஸில் காலர் தைக்கிறேன். பதினெட்டு வருஷம். மெஷினைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். ஷோரூமில் எல்லா மெஷினும் ஓடும். ரிப்பேருக்கு வந்து எது கிடக்கிறது என்று பார்த்தால்தான் நிஜம் தெரியும்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். மெட்ரோவில் சிக்பேட்டை போய், கம்ப்யூட்டர் சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற எஸ்.பி. ரோடுக்கு நடந்தோம். முதல் கடையில் ஒரு பையன், "பன்னி மேடம், பிரிண்டரா?" என்று கன்னடத்தில் கூப்பிட்டான். பன்னி என்றால் வாங்க. நாங்கள் தமிழில் பேசிக்கொண்டதைக் கேட்டுத் தமிழுக்கு வந்தான். கலர் பிரிண்டர் ஒன்றைக் காட்டினான். சின்னது, அழகானது, ஆஃபரில் இருப்பது. எல்லாவற்றையும் மகளிடமே சொன்னான், அதுவும் இங்கிலீஷில்.

"மை எத்தனை பக்கத்துக்கு வரும்?" என்று கேட்டேன்.

"யூஸைப் பொறுத்து" என்று மகளைப் பார்த்துச் சொன்னான்.

"கேட்டது நான். இங்க பாத்துச் சொல்லு."

"நூறு, நூத்தைம்பது வரும் ஆன்ட்டி."

"மை தீந்தா என்ன விலை?"

சொன்னான். இரண்டு தடவை மை வாங்கினால் இன்னொரு பிரிண்டர் வாங்கிவிடலாம். அதையும் சொன்னேன்.

"அப்ப புதுசே வாங்கிக்கோங்க" என்று சிரித்தான். கூட இருந்தவனும் சிரித்தான். இல்லாதவன் வீட்டுக்கென்றே விலை குறைத்துச் செய்து, பிறகு மாதாமாதம் உறிஞ்சுகிற சாமான். அதை விற்றுவிட்டுச் சிரிப்பு வேறு.

அங்கிருந்து ரிப்பேர் கடையைத் தேடினேன். ஒரு சந்தில், மாடிப்படி ஏறினால், சுவர் முழுக்கப் பிரிண்டர் அடுக்கியிருந்தது. பாதிக்கு மேல் அந்தக் கலர் சாதிதான். ரிப்பேர்க்காரன் தரையில் உட்கார்ந்து ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் ஏன்பா இங்க வந்துச்சு?"

"ஒரு மாசம் ஓட்டாம வெச்சா மை காஞ்சு அடைச்சுக்கும்க்கா. பசங்க எக்ஸாம் லீவுல ஊருக்குப் போயிட்டு வருவாங்க. மெஷின் செத்துக் கெடக்கும்."

"எது இங்க கம்மியா வரும்?"

மூலையைக் காட்டினான். கறுப்பு மட்டும் அடிக்கிற லேசர் பிரிண்டர், இரண்டே இரண்டு. "தூள் போடற மெஷின். காயறதுக்கு ஒண்ணும் இல்ல. தூள் தீந்தா இங்கயே ரொப்பித் தரேன். வந்தா பேப்பர் இழுக்கற ரோலருக்குத்தான் வரும். அது தேயும். வேற எதுவும் ஆவாது."

மகள் என் காதில், "கலர் இருக்காதும்மா" என்றாள்.

"உன் வாத்தியார் கலர் கேட்டாரா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

அவன் சொன்ன மாதிரியையே, புதுசாக, கீழே ஒரு கடையில் வாங்கினோம். விலை கூடத்தான். அந்த முதல் கடைப் பையன் வாசலில் நின்று, நான் அட்டைப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

இனி என் முட்டாள்தனம்.

எங்கள் ஃப்ளோரில் சனிக்கிழமை சாயங்காலம் ஷிஃப்ட் முடியும்போது, அவரவர் மெஷினுக்கு எண்ணெய் விட வேண்டும். ஊசிக்குக் கீழே ஒரு துண்டுத் துணி வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். பதினெட்டு வருஷப் பழக்கம். கொடுக்கவேண்டிய திங்களுக்கு முந்தைய சனிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். மகள் கோயிலுக்குப் போயிருந்தாள். ரோலர் தேயும் என்று ரிப்பேர்க்காரன் சொன்னது மனதில் இருந்தது. தேய்கிற இடத்துக்கு எண்ணெய்தானே விடுவார்கள். தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு, ரோலருக்குக் கீழே ஒரு காடாத் துணியையும் செருகி வைத்தேன்.

ஞாயிறு காலையில் துணியை உருவிவிட்டேன். மத்தியானம் அவள் எழுதி முடித்துப் பிரிண்ட் கொடுத்தாள். மெஷின் உறுமியது. பேப்பர் நகரவில்லை. நகர்ந்த ஒன்றிரண்டிலும் நடுவில் பட்டையாக எண்ணெய்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கே?"

சொன்னேன்.

"வாத்தியார் சும்மா காப்பின்னுதான் எழுதினாரு. நீ மொத்தத்தையும் கெடுத்துட்டே!"

ரிப்பேர்க்காரனுக்குப் போன் போட்டேன்.

"ரப்பருக்கு எண்ணெயாக்கா? அது பேப்பரைப் புடிக்கணும், வழுக்கக் கூடாது" என்று சிரித்தான். ஆனால் வழி சொன்னான். மெடிக்கல் ஷாப்பில் ஸ்பிரிட் வாங்கி, நூல் விடாத துணியில் நனைத்து, ரோலரைச் சுற்றிச் சுற்றித் துடைக்க வேண்டும். துணியைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. பாப்ளின் எடுத்தேன். விரல் வெளுக்கும் வரை துடைத்தேன். அப்படியும் தானாக முழுசாக இழுக்கவில்லை. ஒவ்வொரு பேப்பராக நான் கையால் தள்ளிக் கொடுத்தேன். அவள் வெளியே வருவதை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அடுக்கினாள். அறுபத்திரண்டு பக்கம். இருட்டுவதற்குள் முடிந்தது.

திங்கட்கிழமை அரை நாள் பர்மிஷன் கேட்டேன். சூப்பர்வைசர் கத்தினார். கத்தட்டும் என்று மகளோடு கல்லூரிக்குப் போனேன்.

வாத்தியாருக்கு என் தம்பி வயதுதான் இருக்கும். புது ரிப்போர்ட்டைப் புரட்டினார். அங்கங்கே நிறுத்தி ஏதேதோ கேட்டார். அவள் தடுமாறாமல் சொன்னாள்.

"சரி, வெச்சுட்டுப் போங்கம்மா. லேட்டா வந்ததால கொஞ்சம் மார்க் குறையும்."

"குறைச்சுக்கோங்க சார்" என்று பழைய ரிப்போர்ட்டை அவர் மேஜை மேல் வைத்தேன். "இதுல நீங்க காப்பின்னு எழுதினதை அடிங்க."

"புதுசுதான் கணக்கு. அதைத் தூக்கிப் போட்டுடுங்க."

"மூணு மாசம் எழுதினது. எதுக்கு சார் தூக்கிப் போடணும்?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பையனோடதுல என்ன எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"அது வேற விஷயம்மா."

"அவனையும் கூப்பிடுங்க. இப்ப இவகிட்ட கேட்டீங்களே, அதே மாதிரி இந்தப் பழசுலேர்ந்து ரெண்டு பேரையும் கேளுங்க. நான் வெளிய நிக்கறேன்."

அவனைக் கூப்பிடவில்லை. பேனாவை எடுத்து, 'காப்பி' என்ற வார்த்தையின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"கையெழுத்து" என்றேன்.

போட்டார்.

"தேதி."

போட்டார்.