அதாவுல்லா பாயின் நாலு நிபந்தனைகள்

அதாவுல்லா பாய் உட்கார்ந்து வேலை செய்து நான் பார்த்ததில்லை. ஆம்பூரில் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல் பாகம், ஏற்றுமதி செய்யும் கம்பெனி எங்களுடையது. அதன் ஷிப்பிங் செக்‌ஷனில் பதினோரு வருடமாக அவருக்கு எதிர் மேஜை என்னுடையது. நிபந்தனைப்படி சரக்கு அனுப்பினால் பணம் தருவதாக வெளிநாட்டு பேங்க் உறுதி சொல்லும் எல்.சி. வந்தால் போதும், அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடக்க ஆரம்பித்துவிடுவார். ஒவ்வொரு நிபந்தனையையும் உதடு அசையப் படிப்பார். ஒரு தேதி பிசகினாலும் பேங்க் டாக்குமென்டைத் திருப்பி அனுப்பிவிடும் என்பது அவருடைய நிரந்தரக் கவலை.

"உக்காருங்க பாய், எனக்குத் தல சுத்துது" என்பேன்.

"நீ வேலையப் பாரு சோபனா" என்பார், நடந்துகொண்டே.

எனக்கும் பொறுமைக்கும் ரொம்ப தூரம். சட்டென்று கோபம் வந்துவிடும், வந்தால் யாரென்று பார்க்க மாட்டேன். அப்படியிருந்தும் அந்த மனுஷனோடு எனக்கு ஒத்துப்போயிற்று. காலையில் நான் ஜோலார்பேட்டையில் ரயில் ஏறுவேன், அவர் வாணியம்பாடியில் ஏறுவார். ஆம்பூர் வருவதற்குள் முந்தின ஞாயிற்றுக்கிழமை படித்த சங்கதியை எனக்குச் சொல்லி முடித்திருப்பார்.

ஞாயிறு சாயங்காலம் தோல் கெமிக்கல் கடை ஒன்றின் மாடியில் ஏழெட்டுப் பேர் கூடி உட்கார்ந்து குர்ஆன் படிப்பார்கள். ஓதுவதோடு நிற்காது. ஒவ்வொரு வசனமும் எந்தச் சூழ்நிலையில் இறங்கியது, அன்றைய அரபு ஊர்களில் பெண்களும் அடிமைகளும் அநாதைகளும் எப்படி இருந்தார்கள், இன்றைக்குப் பல்கலைக்கழகங்களில் இருக்கும் முஸ்லிம் அறிஞர்கள், அதிலும் பெண்கள், அதை எப்படிப் படிக்கிறார்கள் என்று விவாதம் நடக்கும். பாய் நோட்டு போட்டு எழுதிக்கொண்டு வருவார்.

"வசனம் நிக்கிற எடத்த மட்டும் பாத்தா பத்தாது சோபனா. அது எந்தப் பக்கம் போவுதுன்னு பாக்கணும். அன்னிக்கி இருந்த அநியாயத்த அது எந்தப் பக்கமா தள்ளிச்சோ, அதே பக்கம் நாமளும் தள்ளணும். நாம என்னடான்னா அங்கியே கூடாரம் போட்டு உக்காந்துட்டோம்."

"எனக்கு இன்னா பாய் இதெல்லாம்?" என்று ஆரம்பத்தில் கிண்டல் செய்வேன். ஆனால் ஒருநாள் அவர் நிக்காஹ் பற்றிச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. திருமணத்தை உறுதியான ஓர் உடன்படிக்கை என்றுதான் குர்ஆன் சொல்கிறதாம். பெண் தன் நிபந்தனைகளை அதில் எழுதிக்கொள்ளலாம் என்பதைப் பழைய சட்ட அறிஞர்களே ஒத்துக்கொண்டிருக்கிறார்களாம். புதியவர்கள் அதை எல்லா நிக்காஹிலும் எழுத வேண்டும் என்கிறார்களாம்.

"ஒரு கன்டெய்னர் அப்பருக்கு முப்பத்தேழு கண்டிஷன் எழுதுறான். ஒரு பொண்ணோட வாழ்க்கைக்கு ஒரு வரி எழுத மாட்டேங்கறோம்" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் கல்யாணத்தில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. சம்மதமா என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை. உங்கள் ஆட்களில் பெண்ணைக் கேட்கிற வழக்கமாவது இருக்கிறதே என்று அன்றைக்கு எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

மாதிரி நிக்காஹ் ஒப்பந்தம் ஒன்றை அவர் எழுத, நான்தான் டைப் செய்து கொடுத்தேன். மனைவி வேலையைத் தொடரலாம். அவள் சம்மதமில்லாமல் இன்னொரு திருமணம் கூடாது. கை ஓங்கக் கூடாது. மூன்றே நிபந்தனைகள். நாலாவதைச் சேர்த்தது அவர் மகள் ஆஃப்ரீன். தோல் டெஸ்டிங் லேபில் கெமிஸ்ட், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசும் பெண்.

"மூணையும் மீறினா இன்னா ஆவும்னு எழுதவே இல்லியே அத்தா. எல்.சி.ல அப்பிடி விடுவீங்களா?" என்று கேட்டாளாம். பாய் பூரித்துப்போய் என்னிடம் சொன்னார். மீறப்பட்டால் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ளும் உரிமை மனைவிக்கு உண்டு என்று நாலாவதாகச் சேர்த்தோம்.

அந்தத் தாள் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது. பள்ளிவாசல் ஜமாஅத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். "எழுதக் கூடாதுன்னு சொல்லல பாய். ஆனா கல்யாணம் பேசும்போதே பிரிவப் பத்தி எழுதுனா, நல்லாவா இருக்கு?" என்று பெரியவர் ஒருவர் நிதானமாகத்தான் கேட்டிருக்கிறார். பாய்தான் நிதானம் இழந்து கத்திவிட்டு வந்தார். அதற்குப் பிறகு சிலர் அவருக்கு சலாம் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். அவர் ரயிலில்கூட நின்றுகொண்டே வர ஆரம்பித்தார்.

ஆஃப்ரீனுக்கு வந்த முதல் வரன் அந்தத் தாளைப் படித்துவிட்டு நழுவியது. இரண்டாவது வரனும் அப்படியே. அவளுக்கு இருபத்தேழு முடிந்தது. பாயின் மனைவி அவரோடு பேசுவதை விட்டுவிட்டார். மூன்றாவதாகப் பேரணாம்பட்டிலிருந்து தன்வீர் என்று ஒரு இன்ஜினீயர் வரன் வந்தது. நல்ல பையன், நல்ல குடும்பம். ஆஃப்ரீனுக்கும் பிடித்திருந்தது.

"கண்டிஷன் பத்திப் பேசிட்டீங்களா அத்தா?" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"பேசிட்டேம்மா" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஸ்டேப்ளர் பின் தேடி அவர் டிராயரைத் திறந்தேன். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க அந்தத் தாளை வைத்து ஒட்டிய உறை அப்படியே உள்ளே கிடந்தது. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

"இன்னா பாய் இது? குடுக்கவே இல்லியா?"

அவர் கதவைப் பார்த்தார். "நிக்காஹ் அன்னிக்கிக் குடுத்துக்கலாம். கூட்டத்துல மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க."

"அன்னிக்கும் குடுக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும்."

"ரெண்டு வரன் போய்டுச்சு சோபனா. இதுவும் போனா அவ அம்மா மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்? நீ எதுவும் சொல்லிடாத, தாயே."

திட்டினேன். ஆஃப்ரீனிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். ஆனால் சொல்லவில்லை. போனை எடுத்து எடுத்து வைத்தேன். ஒரு கல்யாணத்தை நிறுத்திய பாவம் எனக்கெதற்கு என்று நினைத்துவிட்டேன். இன்றைக்கும் அதற்காக என்னை நானே ஏசிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. மண்டபத்தின் மாடி அறையில் ஆஃப்ரீன் பச்சைப் பட்டில் பெண்கள் நடுவே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நான். எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம் பள்ளிவாசலில், மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். பெண்ணின் சார்பில் சம்மதம் வாங்கிப் போக வக்கீலாக அவள் அத்தாவே வருவார், கூட சாட்சிகள் இரண்டு பேர். தஃப்தர் என்கிற பதிவேட்டில் அவள் கையெழுத்தை அப்புறம் வாங்கிக்கொள்வார்கள்.

பாய் வந்தார். புதுச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. சாட்சிகளில் ஒருவர் ஆஃப்ரீனின் தாய்மாமா ஜப்பார்.

அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே ஆஃப்ரீன் கேட்டாள். "அந்தப் பேப்பர்ல அவரு கையெழுத்துப் போட்டுட்டாரா அத்தா?"

பாய் சட்டைப் பையை மட்டும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். மளமளவென்று கேட்க வேண்டியதைக் கேட்டார். இன்னார் மகன் தன்வீருக்கு, இவ்வளவு மஹர் தொகைக்கு, உன்னை நிக்காஹ் செய்து கொடுக்க சம்மதமா?

ஆஃப்ரீன் அவர் முகத்தையே பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டாள். வாயைத் திறக்கவில்லை.

அவர் மறுபடியும் கேட்டார். பேச்சில்லை. மூன்றாவது தடவையும் பேச்சில்லை. பெண்கள் வெட்கம் என்று சிரித்தார்கள். யாரோ அவள் தோளை இடித்தார்கள்.

"சரி, சரி. கன்னிப்பொண்ணு மௌனம்தான் சம்மதம்" என்றார் ஜப்பார் மாமா. "நடங்க மச்சான், அங்க எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க."

வழக்கம் அதுதான். கூச்சப்படும் பெண்ணை வற்புறுத்திப் பேசவைக்க வேண்டாம் என்ற கரிசனத்தில் அந்தக் காலத்தில் வந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் மூன்றே பேருக்குத் தெரியும். நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும். தெருவில் ஆட்டோக்காரனிடம் கத்துகிறவள்தானே நான்? முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாட்சிகள் வாசலைத் தாண்டிவிட்டார்கள். பாயும் வாசல் வரைக்கும் போய்விட்டார். போயிருக்கலாம். கீழே இறங்கி, தெருவைத் தாண்டி, ஆச்சு என்று சொல்லியிருந்தால் மத்தியானம் எல்லாரும் பிரியாணி சாப்பிட்டிருப்போம்.

"ஜப்பார், நில்லு" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "அவ சம்மதம் சொல்லல."

"இன்னா பேசுறீங்க மச்சான்?"

"நான் அவகிட்ட பொய் சொல்லிட்டேன். பேசிட்டேன்னு சொன்னேன், பேசவே இல்ல. அதான் வாயத் தொறக்கல அவ. அது சம்மதம் இல்ல."

அவர் மனைவி அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாய் பையிலிருந்து உறையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினார். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன், செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். பள்ளிவாசலிலிருந்து சத்தம் ஏறி இறங்கியது. முக்கால் மணி நேரம். ஆஃப்ரீன் அசையவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பாய் திரும்பி வந்தபோது சாட்சிகளும் கூடவே வந்தார்கள். ஜப்பார் மாமா யார் முகத்தையும் பார்க்கவில்லை. பாய் மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். பதினோரு வருடத்தில் அவர் அப்படி அசையாமல் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"மொத மூணுக்கும் மாப்பிள்ள கையெழுத்துப் போட்டாரும்மா. நல்ல மனசோடதான் போட்டாரு. நாலாவத அவுங்க வாப்பா கோடு போட்டு அடிக்கச் சொன்னாரு, மாப்பிள்ள அடிச்சிட்டாரு. நான் தப்புன்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. இதுதான் பேப்பர், நீயே பாரு. இந்த மூணோட உனக்கு சம்மதமா?"

அவர் மனைவி, "சரின்னு சொல்லும்மா, அம்மாவுக்காக" என்று கெஞ்சினார். பாய் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். சரி என்று அவள் சொல்ல வேண்டும் என்றுதான் அவர் மனசு தவித்தது, அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் அவர் அதை முகத்தில் காட்டாமல் இருக்கப் பாடுபட்டார்.

ஆஃப்ரீன் தாளை வாங்கி ஒருமுறைக்கு இருமுறை படித்தாள். மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"சம்மதம் இல்ல அத்தா" என்றாள். எல்லாருக்கும் கேட்டது.

பாய் கண்ணை மூடித் திறந்தார். "சாட்சிங்க கேட்டுக்கிட்டீங்களா?" என்றார். கேட்டோம் என்று ஜப்பார் மாமா முணுமுணுத்தார். பாய் முழங்காலில் கையூன்றி எழுந்து, அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு மறுபடியும் பள்ளிவாசலுக்குப் போனார். கீழே கார்கள் கிளம்பும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

பெண்கள் ஒவ்வொருவராக அறையைவிட்டு நழுவினார்கள். அப்போதுதான் ஆஃப்ரீன் என் தோளில் சாய்ந்து உடைந்து அழுதாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. "அத்தா மேல கோவமாம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"இருக்குக்கா. நெறைய இருக்கு" என்றாள், மூக்கை உறிஞ்சியபடி. "ஆனா ரெண்டாவது வாட்டி வந்தாரு பாருங்க, அப்பதான் எங்கிட்ட நெஜமா கேட்டாரு."