யாரோ பெற்ற பிள்ளைகளுக்காக

வரிசை கோணினால் எனக்குக் கை பரபரக்கும். வாத்தியார் வேலையில் பாதி, பிள்ளைகளைப் பாளையங்கோட்டைத் தெருக்களில் நடத்திக் கூட்டிப்போவதுதான். ஹெல்மெட் பேரணி, வாக்காளர் பேரணி, மழைநீர் சேமிப்பு, போதை ஒழிப்பு என்று மேலிடத்திலிருந்து எது வந்தாலும், ஆளுக்கோர் அட்டையைக் கையில் கொடுத்து, ரெண்டு ரெண்டு பேராக நிறுத்தி, மார்க்கெட் வரை போய்த் திரும்புவோம். எதற்காக நடக்கிறோம் என்று எந்தப் பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை.

என் மகன் கூப்பிட்ட பேரணி அந்த வகையில்லை. தனக்கு ஆண்கள்மேல்தான் மனம் போகிறது என்பதை, பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு விடுமுறையில், சமையலறையில் வைத்துச் சொல்லியிருந்தான். அன்று அழுதேன். பிறகு சில மாதம் சண்டை போட்டேன். வேதப் புத்தகத்தை, பைபிளை எடுத்து வைத்துக்கொண்டுகூடச் சண்டை போட்டேன். கடைசியில் சமாதானமாகிவிட்டதாக நானே நினைத்துக்கொண்டேன். அதனால், தன்பாலீர்ப்பாளர்களும் திருநங்கைகளும் சம உரிமை கேட்டு நம் ஊரில் நடக்கிறோம், நீயும் வருகிறாயா என்று அவன் கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டேன். எந்த அம்மா வருவாள், நான் வருகிறேன் பார் என்ற மிதப்பும் அதில் இருந்தது.

பேரணி கிளம்பும் மைதானத்து வாசலில் கொஞ்சம் பேர்தான் கூடியிருந்தார்கள். முகம் காட்ட முடியாதவர்களுக்கென்று ஒரு பெண் மாஸ்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாதிப்பேர் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். என் மகன் வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான்.

"நம்ம ஊர்ல நான் எதுக்கும்மா மூஞ்சிய மூடணும்? அதான் நீயே வந்துட்டியே" என்றான்.

நடக்கத் தொடங்கினோம். பழக்கதோஷம், கொஞ்ச தூரத்திலேயே நான் வரிசையைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டேன். கொடியை உயர்த்திப் பிடி, இடைவெளி விடாதே, வண்டிக்கு வழிவிட்டு நட என்று அதட்டினேன். எல்லாரும் சிரித்துக்கொண்டே சொன்னபடி செய்தார்கள். ஒரு திருநங்கை என் தோளில் வானவில் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டாள். என் மகன் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு சந்தோஷம். அவன் முகத்தை அப்படிப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

மார்க்கெட் பக்கம் திரும்பியதும், எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சார்ட்டும் சாக்பீஸும் கொடுத்துவந்த கடை அண்ணாச்சி, கடையைவிட்டு இறங்கி வந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். எங்கள் கையிலிருந்த அட்டைகளைப் படிக்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"என்ன டீச்சர், ரிட்டயர் ஆன பொறவும் இந்த வெயில்ல அலையுதிய? இது என்ன பேரணி?"

"போதை ஒழிப்பு அண்ணாச்சி" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அந்த வாய் என்னுடையதுதான். கை வேறு தோளில் கிடந்த துண்டை உருவிச் சுருட்டிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி ரொம்ப மெச்சினார். பக்கத்தில் தாடியோடு நின்ற என் மகனை ஏற இறங்கப் பார்த்தார். சின்னப் பையனாகப் பார்த்தவனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"திருந்துன பயலா? நல்லா இரு லே. டீச்சர் பேச்சக் கேட்டு நட" என்று முதுகில் தட்டினார்.

"சரி அண்ணாச்சி" என்றான் என் மகன். அண்ணாச்சி எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தார். அவன் எதுவும் கேட்கமாட்டானா, நாலு வார்த்தை திட்டமாட்டானா என்று காத்திருந்தேன். அவன் பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டே நடந்தான். நானும் அதற்குப்பிறகு வரிசையைத் திருத்தவில்லை.

முடியும் இடத்தில் உள்ளூர் டிவிக்காரர் மைக்கோடு நின்றிருந்தார். கூட்டத்தில் வெள்ளைமுடி எனக்கு மட்டும்தான், நேராக என்னிடம் வந்தார். "உங்க பிள்ள யாரும் இதுல நடக்காவளாம்மா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலில் என் பெஞ்சில் உட்காருகிறவர்கள் எல்லாரும் வரிசையாகக் கண்முன்னால் வந்தார்கள். மகனைத் திரும்பிப் பார்த்தேன்.

அவன் அதற்குள் மாஸ்க்கை எடுத்து மாட்டியிருந்தான். கேமராவுக்கு வெளியே ஒதுங்கி நின்றுகொண்டு, "இல்லண்ணே. இவங்க எங்க ஸ்கூல் டீச்சர். எங்களுக்காக வந்திருக்காங்க" என்றான்.

எனக்கு மூச்சு வந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் உடம்பு கூசுகிறது. அவன் என்னைத் தாய் இல்லை என்று சொன்னதும் எனக்கு வந்தது வலியில்லை, ஆறுதல். அந்தத் தெம்பில் மைக்கைப் பார்த்து, எல்லாரும் ஆண்டவருடைய பிள்ளைகள்தான், யாரையும் ஒதுக்கக் கூடாது என்று தங்குதடையில்லாமல் பேசினேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவனும் தட்டினான்.

சாயங்காலம் அது டிவியில் வந்தது. அவனுக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது, என்னோடு வேலைபார்த்த டீச்சர் ஒருத்தி ஸ்ரீவைகுண்டத்திலிருந்து போன் செய்தாள். கையில் மாவு என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"யாரோ பெத்த பிள்ளையளுக்காக இந்த வெயில்ல நடந்தியளே டீச்சர். எங்களுக்கெல்லாம் அந்த மனசு வராது" என்றாள்.

அதில் ஒருவன் என் மகன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அடுப்புக்கு எதிரே, தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் எங்கள் வழக்கப்படி அடக்கமாக, "அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர்" என்றேன். அவள் இன்னும் கொஞ்சம் புகழ்ந்துவிட்டு வைத்தாள்.

போனில் வெளிச்சம் அணைகிறவரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகுதான், "இன்னொரு தோசை வைம்மா" என்றான்.