வளையத்தின் ஓரத்தில் ஒரு முடிச்சு

அல்சூரில் மெட்ரோ ஏறிய அந்த அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நரை கலந்த குட்டை முடி, கசங்கிய காட்டன் சேலை. போனில் ஒரே படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். கறுப்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்துச் சிரித்தார்.

“சனி கிரகத்தோட வளையம்ங்க. முக்கால்வாசி ஐஸ் துண்டுதான். உள்பக்கம் ஒண்ணு சேர்ந்தா சனியோட இழுப்பு பிரிச்சுடும். வெளி ஓரத்துல சேர்ந்தா சின்ன நிலாவா ஆகலாம். இந்த முடிச்சு தெரியுதா?”

“இது நிலா ஆயிடுமா?”

“ஆயிடும்னு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினதே நான்தான். நல்ல பேரும் கிடைச்சுது. இப்போ திரும்பக் கணக்குப் போட்டா உடைஞ்சுடும்னு வருது. இன்னிக்கு மீட்டிங்ல அதைச் சொல்லப் போறேன்.”

“யாராவது தப்புன்னு சொன்னாங்களா?”

“இல்ல, யாருக்கும் தெரியாது.”

“அப்போ சும்மா விட்டுடலாமே மேடம்?”

“விட்டுடலாம். ஆனா என் பேரைக் காப்பாத்த அது நிலாவா ஆகாதுல்ல?”

கப்பன் பார்க்கில் இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாகப் படியேறினார். தன் தவறைச் சொல்லப் போகிற ஒருவர் அவ்வளவு உற்சாகமாக நடந்து நான் பார்த்ததே இல்லை.